கடைசி வகுப்புப் பிள்ளையை எங்கே அனுப்புகிறீர்கள்?

எல்.கே.ஜி. சேர்க்கும்போது பெற்றோர் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். ஃபீஸ் எவ்வளவு, வேன் வாசல் வரை வருமா, மிஸ் இங்கிலீஷில் பேசுவார்களா. "உங்களிடம் ஐந்தாவது முடித்த பிள்ளைகள் போன வருஷம் எந்தப் பள்ளியில் ஆறாவது சேர்ந்தார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மதுரையில் வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், செல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்குள் இருக்கும் நர்சரி பிரைமரி பள்ளிகள் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஊர்ப்பக்கம் போனால் எட்டாவதோடு முடியும் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளிகள். அங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாள் இன்னொரு பள்ளி வாசலில் போய் நின்றே ஆக வேண்டும். அந்த நாளுக்குப் பிள்ளையையும் வீட்டையும் தயார் செய்து அனுப்புவதுதான் இந்தப் பள்ளிகளின் தலையாய வேலை. திருமங்கலம் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். இதை அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

பல தனியார் பள்ளிகள் இந்த வேலையை என்ட்ரன்ஸ் கோச்சிங் என்று புரிந்துகொண்டிருக்கின்றன. பொங்கல் முடிந்ததும் ஐந்தாவது பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்து, பெரிய பள்ளிகளின் பழைய கேள்வித்தாளை உருப்போட வைக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சுமை? ஆர்.டி.இ. எனப்படும் கல்விஉரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்கு எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்கிறது. பிள்ளையிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் இன்டர்வியூ கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது தனி. மற்ற பள்ளிகள் தேர்வு வைத்தால் "சட்டப்படி இது கூடாதே" என்று கேட்க வேண்டியது பிள்ளையை அனுப்பும் பள்ளி. அதை விட்டுவிட்டு அந்தத் தேர்வுக்கே கோச்சிங் நடத்துவதை உதவி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான உதவி கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. எங்கள் ஹெச்.எம். ஒருவர் ஜனவரி மாதம் எட்டாவது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைப்பார். மேசை மேல் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றும் இருக்கும். ஸ்கேலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். ஒன்றில் முத்துக்குமார், இன்னொன்றில் முத்துகுமார், மூன்றாவதில் முத்துக்குமரன். அப்பா இனிஷியல் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. "ஏம்மா, இப்பவே இ-சேவைக்குப் போய்ச் சரி பண்ணிருங்க. பத்தாவது மார்க் ஷீட்ல ஏறிருச்சுன்னா அப்புறம் அலைஞ்சு மாளாது" என்று தாய்மார்களிடம் சொல்லுவார். சாதிச் சான்றிதழ் எடுக்காதவர்களுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் ஒன்பதாவது சேரப் போகும்போது ஒரு இடத்திலும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள். இதை எந்த விளம்பரத்திலும் போட முடியாது. ஆனால் ஒரு கூலி வேலைக்காரக் குடும்பத்துக்கு இது எத்தனை நாள் கூலியை மிச்சம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா போன ஜூனில் என்னைத் தேடி வந்தார். "சார், புது ஸ்கூல்ல போய்க் கேட்டா, பிள்ளை பேரு இன்னும் பழைய ஸ்கூல்லயே இருக்குங்கிறாங்க." பழைய பள்ளியில் இரண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி. எமிஸ் என்ற கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பாக்கி கட்டும்வரை விடமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அதே கல்விஉரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டி.சி.யை உடனே தர வேண்டும், தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல டி.சி. என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. அதற்காக ஒரு குழந்தையை ஜூன் மாதம் வீட்டில் உட்கார வைப்பது அநியாயம்.

ஐந்தாவது முடிக்கும் வீடுகளுக்கு இன்னொன்றையும் பள்ளிகள் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆறாவது எங்கே சேர்கிறோம் என்பது பன்னிரண்டாவதுக்குப் பிறகும் பேசும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். "ஒன்பதாவதில் மாத்திக்கலாம்" என்று மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்தவர்களுக்கு அது கிடைக்காது. ஏழைப் பிள்ளைகளுக்கான ஆர்.டி.இ. இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த ஆர்.டி.இ. சலுகை எட்டாவதோடு முடிந்துவிடும் என்பதே பல பெற்றோருக்கு ஒன்பதாவது ஃபீஸ் சீட்டு கையில் வரும்போதுதான் தெரிகிறது. நகருக்குள் அவ்வை, வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார் என்று சங்கப் புலவர்களின் பெயரில் மாநகராட்சி பெண்கள் பள்ளிகள் இருக்கின்றன. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கட்டும். போகச் சொல்ல வேண்டியது ஐந்தாவது மிஸ்தான்.

உதவிபெறும் நடுநிலைப் பள்ளிகளின் கையில் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு: என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. எட்டாவதில் எழுதுவது. மனத்திறன் ஒரு தாள், பாடம் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சுயநிதிப் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. என்ட்ரன்ஸ் கோச்சிங்கைக் குறை சொன்ன நான் இதற்கு மட்டும் சாயங்கால வகுப்பு வைக்கச் சொல்வேன், ஏனென்றால் தேறாவிட்டாலும் எந்தக் கதவும் மூடுவதில்லை. தேறினால் 48,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வருகிறது. ஆனால் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால் ஒன்பதாவதிலும் அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில்தான் சேர வேண்டும். தேறிய சந்தோஷத்தில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகையை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. 2024, 2025 இரண்டு ஆண்டும் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1 அன்றே சேர்க்கை தொடங்கிவிட்டது. ஆகவே பெற்றோர் கூட்டத்தை ஆண்டு விழாவோடு சேர்த்து ஏப்ரலில் வைக்காதீர்கள், பிப்ரவரியிலேயே வையுங்கள். ஜூன் இரண்டாவது வாரம் உங்கள் பழைய கடைசி வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயரும் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்று எமிஸிலேயே பாருங்கள். எங்கும் சேராமல் ஒரு பெயர் நின்றால், அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு ஆசிரியரை அனுப்புங்கள்.