குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் ஊருக்கே தண்ணீரா?

ஆப்பிரிக்கக் கிராமத்தில் சிறுவர்கள் ராட்டினம் சுற்ற, கிணற்று நீர் தானாகத் தொட்டிக்கு ஏறுகிற படம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. “ஒரு ராட்டினம் 2,500 பேரின் தாகம் தீர்க்கிறது” என்கிறது கூடவே வரும் வாசகம். படம் உண்மை, கணக்குதான் பொய்.

கருவியின் பெயர் பிளேபம்ப், பிறந்த இடம் தென்னாப்பிரிக்கா. நன்றாகச் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் ஏறும் என்று தயாரிப்பாளர்களே சொன்னார்கள். ஆளுக்கு வெறும் 15 லிட்டர் என்றாலும் 2,500 பேருக்கு 37,500 லிட்டர் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் விளையாட வேண்டும்! 2009இல் ‘கார்டியன்’ நாளிதழும் இதையே சுட்டிக்காட்டியது.

2010க்குள் 10 நாடுகளில் 4,000 ராட்டினங்கள் என்று 2006இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அது நடக்கவில்லை. மொசாம்பிக்கில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய்விட, தாழ்வான அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளியவர்கள் குடம் கொண்டுவந்த பெண்கள். வயதானவர்களுக்கு அது கூச்சமாகவும் இருந்தது. தொட்டியின் விளம்பரப் பலகை வருமானத்தில் பராமரிப்பு நடக்கும் என்ற திட்டமும் எடுபடவில்லை. காட்டோரக் கிராமத்தில் யார் விளம்பரம் செய்வார்கள்? விலையோ சுமார் 14,000 டாலர், சாதாரண அடிபம்பைப் போல நான்கு மடங்கு.

நீர் அதிகம் ஆழமில்லாமல், ஊற்றும் நன்றாக உள்ள பெரிய பள்ளிகளில் இது பயன்படும். ஆனால் நீரை ஏற்றும், அவ்வளவே. சுத்திகரிக்காது.