மேல் முன்பல் இம்பிளாண்ட்: முதலில் ஸ்கேனைக் காட்டச் சொல்லுங்கள்

"மேல்தாடையில் பெரிய நரம்பு எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்." முன்பல்லுக்கு இம்பிளாண்ட், அதாவது பல் போன இடத்தில் எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியம் திருகு, போடப் போகிறவர்களிடம் சில கிளினிக்குகளில் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். பாதிதான் உண்மை. கீழ்த்தாடை நரம்பு அடிபட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்குத் தீராமலே போய்விடும். மேலே அவ்வளவு ஆபத்து இல்லை, சரி. அதற்காக அங்கே நரம்பே இல்லை என்று ஆகிவிடாது.

நடு முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் நாக்கை வைத்துப் பாருங்கள், ஒரு சின்ன மேடு தட்டும். அதற்கு நேர் மேலே எலும்புக்குள் ஒரு கால்வாய் இருக்கிறது. மூக்கிலிருந்து நரம்பும் ரத்தக்குழாயும் அதன் வழியாகத்தான் அண்ணத்துக்கு இறங்குகின்றன. இம்பிளாண்ட் அதற்குள் புகுந்தால் அண்ணத்தின் முன்பக்கம் மரத்துப்போகலாம். பெரும்பாலும் அது நாளடைவில் சரியாகிவிடும். ஆனால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய சதை இருந்தால் டைட்டானியம் ஒட்டாது, இம்பிளாண்டே ஆடிப்போகலாம்.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா மகன் மோட்டாரிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்தான். அவனுடைய முப்பரிமாண ஸ்கேனை டாக்டர் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டியபோது நானும் கூட இருந்தேன். பல் போன இடத்தில் உதட்டுப் பக்கத்து எலும்பு உள்வாங்கியிருந்தது. பக்கத்துப் பல்லின் முன்னால் இருந்த எலும்போ வெறும் கோடு, 1 மில்லிமீட்டர்கூட இல்லை. "முன்னால் தள்ளிப் போட்டால் ஈறு இறங்கிவிடும், பின்னால் தள்ளினால் கால்வாய்" என்றார். கல்யாணத்துக்குள் முடித்துத் தரச் சொல்லி இவன் கெஞ்சினான். அவர் அசையவில்லை. முதலில் எலும்பு வைத்துக் கட்டினார், கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் பல்தான். அந்த டாக்டர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதெல்லாம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அது தட்டையான படம், எலும்பு முன்னும் பின்னும் எவ்வளவு தடிமன் என்று காட்டாது. மூக்கோரமாக வளைந்து இறங்கும் இன்னொரு மெல்லிய நரம்புக் குழாயும் அதில் எளிதில் தப்பிவிடும். ஸ்கேனுக்கு ஆகும் சில நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

பத்து ஆண்டு கழித்தும் 100 இம்பிளாண்டில் 90-க்கு மேல் நிற்கின்றன என்பது உண்மைதான். நல்ல சிகிச்சைதான், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு விழாமல் நிற்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஈறு இறங்கிச் சாம்பல் நிறம் தெரிகிறவர்களும், அண்ணம் எரிகிறவர்களும் அதில் வெற்றிக் கணக்கில்தான் வருவார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோல்வி இன்னும் கூடுதல். நம் வீடுகளில் இனிப்புநீர் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

போட்ட பிறகு, ஊசியின் மரப்பு போன பின்னும் உணர்ச்சி வரவில்லை, எரிகிறது, மூக்கோரம் சுரீர் என்கிறது என்றால் மறுநாளே போங்கள். "பழகிவிடும்" என்று அனுப்பினால் மறு ஸ்கேன் கேளுங்கள். அங்கே காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் படத்தை வாங்கிக்கொண்டு ஒரு வாய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். படத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.