அம்பது கிலோ தாங்குமாம்!

சைக்கிள்ல டூர் கிளம்புறவங்ககிட்ட டென்ட் எத்தனை கிராம்னு கேளுங்க, டக்குன்னு பதில் வரும். ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரி குளிர் தாங்கும்னு கேளுங்க, அதுவும் வரும். (கொல்லிமலைக்குப் போறவருக்கு மைனஸ் அஞ்சு டிகிரி பேக் எதுக்குன்னு கேட்டா மட்டும் வராது.) இத்தனை சாமானையும் எந்தக் கேரியர்ல, எந்த போல்ட்டுல தொங்கவிடப் போறீங்கன்னு கேட்டுப் பாருங்க, திருதிருன்னு முழிப்பாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. கேரியர்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பிட்டாங்க: "அதிகபட்ச எடை 50 கிலோ".

யாருய்யா எடை போட்டுப் பார்த்தது? ஆன்லைன்ல விக்கிற இந்த அலுமினியக் கேரியர் சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்குற குழாயை) மட்டும் கவ்விப் பிடிச்சு நிக்குது. லீவரை மடக்கினா ஃபிட்டிங் முடிஞ்சுது, ஸ்பேனரே வேண்டாம். அதான் வாங்குறாங்க. ஆனா மொத்த பாரத்தையும் தாங்குறது அந்த ஒரு கிளாம்ப்போட உராய்வு மட்டும்தான். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் நாலைஞ்சு ஏறி இறங்கினா கேரியர் ஒரு பக்கமா திரும்பும், இல்லேன்னா கீழ வழுக்கி பை டயர்ல உரசும். இந்த வகையையே ஒழுங்கா செய்யற கம்பெனிங்க பெரும்பாலும் பத்து கிலோவைத் தாண்ட விடுறதில்ல. கார்பன் சீட் போஸ்ட்ல மாட்டவே கூடாது, நசுங்கிடும்.

சரி, நாலு இடத்துல போல்ட் போடுற நல்ல கேரியருக்கே வருவோம். வழக்கமா 25 கிலோ தாங்கும். அதை மாட்ட ஃபிரேம்ல ஓட்டை வேணுமே! முப்பதாயிரம், நாப்பதாயிரத்துக்கு விக்கிற சைக்கிள்ல பின் ஆக்சில் பக்கத்துல ரெண்டு எம்5 (5 எம்எம் போல்ட்) மரை ஓட்டை வைக்க மனசு வராதவங்களை என்ன சொல்றது? வச்சிருந்தாலும் டிஸ்க் பிரேக் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) சரியா கேரியர் கால் வர்ற இடத்துல துருத்திக்கிட்டு நிக்கும். உடனே கடையில இடைவெளிக்கு நீளமான ஸ்பேசர் குழாய் ஒண்ணைச் சொருகி, நீள போல்ட்டு போட்டு அனுப்பிடுவாங்க. பாரம் ஃபிரேமை விட்டுத் தள்ளித் தொங்கத் தொங்க போல்ட் வளையும், ரெண்டாம் நாள் தலை முறியும். மரைக்குள்ள மாட்டிக்கிட்ட துண்டை வழியில எடுக்க முடியாது. டிஸ்க் பிரேக்குக்குன்னே கால் அகலமா வளைச்ச கேரியர் கிடைக்குது, அதைக் கேட்டு வாங்குங்க. ஓட்டையே இல்லேன்னா ஃபிரேம் குழாயைச் சுத்திப் பிடிக்கிற, ரப்பர் வச்ச பி-கிளாம்ப், ஆனா பாரத்தைப் பாதியாக் குறைச்சுக்கணும்.

போல்ட்டை 4 எம்எம் ஆலன் கீயால முறுக்கினா மட்டும் போதாது. ரோட்டு அதிர்வுல அது தானா கழண்டு வரும். மரையில நீல நிற திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு, ஸ்பிரிங் வாஷர், இடமிருந்தா பின்னாடி நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வச்சது). முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை கை வச்சுப் பாக்கணும். உபரியா நாலு எம்5 போல்ட் கட்டாயம் வேணும். ஊர்ப்பக்க ஹார்டுவேர் கடையில எம்6, எம்8 கிடைக்கும். எம்5 ஆலன் போல்ட் கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

இவ்வளவு மெனக்கெடும்போது எதிர்ல பால்காரர் போவாரு. கனமான இரும்புக் கம்பிக் கேரியர், கால் நேரா ஆக்சில் நட்டுல இறங்கியிருக்கும், ரெண்டு பக்கமும் கேன், பழைய டியூப்பை நீளமா வெட்டி இறுக்கின கட்டு. ஸ்டிக்கர் எதுவும் கிடையாது. அந்த டியூப் கட்டு கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறை விட எவ்வளவோ மேல். எலாஸ்டிக் பள்ளத்துல குதிக்கும், கொக்கி கழண்டு ஸ்போக்குக்குள்ள போகும். பக்கிள் வச்ச பட்டையோ டியூப் துண்டோ போதும், தொங்குற நுனியை மட்டும் செருகி விடுங்க.

அப்புறம் அடுக்குற லட்சணம். மொத்தமும் பின்னாடி, அதுவும் மேல! கொல்லிமலைக்குன்னா அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். பின்பாரத்துல முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் இஷ்டத்துக்கு அலையும். கனமானது பையோட அடியில, ஃபிரேமை ஒட்டி. தண்ணி ஃபிரேமுக்குள்ள. டென்ட்டோ ஸ்லீப்பிங் பேக்கோ ஒண்ணை ஹேண்டில்பாருக்கு மாத்துங்க. எம்டிபில (மவுன்டன் பைக்) பின்பக்க ஃபிரேம் கட்டை, மிதிக்கிறப்ப குதிகால் பையில இடிக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டணும். ரெண்டு பக்கப் பையையும் தொங்கு தராசுல போட்டு எடையைச் சரிபண்ணுங்க.

"வாட்டர்ப்ரூஃப்" பை இன்னொரு மோசடி. பையோட துணி நனையாது, சரி. தையல் ஓட்டையிலயும் ஜிப்புலயும் தண்ணி இறங்குமே? மழை உறையை மாட்டினாலும் டயர் வாரி அடிக்கிற சேத்துத் தண்ணி உறை மூடாத முதுகுப் பக்கமா ஏறும். ஐப்பசியில போறீங்கன்னா உள்ளே கனமான பிளாஸ்டிக் பையைப் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டிட்டுத்தான் துணியை வைக்கணும். பனியில நனைஞ்ச டென்ட் தனியா வெளியே. பம்பும் டியூபும் எல்லாத்துக்கும் மேல, கொட்டுற மழையில பஞ்சர் ஒட்ட பை முழுக்கக் கவிழ்க்கத் தேவையில்ல.

அடுப்பை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. கேஸ் குப்பியை ரயில்லயும் விடமாட்டான், விமானத்துலயும் விடமாட்டான். நம்ம ரோட்டுல டீக்கடைக்கா பஞ்சம்? அந்த எடைக்கு டயரும் டியூபும் வைங்க. ஊர் சைக்கிள் கடையில தொங்குற 28 இஞ்ச் டயரோட ரிம் அளவு 635 மில்லிமீட்டர், உங்க சைக்கிளோட 700சி டயருக்கு 622. ஏறினாலும் நிக்காது. ப்ரெஸ்டா வால்வுன்னா (ஒல்லியான வகை) பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்து பிடிக்க ஒரு குட்டிப் பித்தளை அடாப்டர் வேணும்; அதை வால்வுலயே திருகி வைங்க, பையில போட்டா தொலைஞ்சிடும்.

ஸ்போக் பெரும்பாலும் பின்சக்கரத்துல, செயின் பக்கம்தான் உடையும். அந்தப் பக்கத்து நீளமும் எதிர்ப்பக்கத்து நீளமும் வேற வேற, கடையில அளந்து ரெண்டு ரெண்டா வாங்கி செயின் ஸ்டேல (பெடல் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போற ஃபிரேம் குழாய்) டேப் போட்டு ஒட்டிக்குங்க. கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) கழட்டுற லாக்ரிங் டூலும் கூடவே வரணும். அது இல்லாம செயின் பக்கம் புது ஸ்போக்கை ஹப் ஓட்டையில நுழைக்கவே முடியாது.