இரண்டும் ஒரே தூரத்துக்கான நேரம் இல்லை
முன்சக்கர இயக்கக் கார்களின் சுற்றுநேரச் சாதனையை ஹோண்டா சிவிக் படைத்தது என்றதற்கு, "மெகான் 7:40.1, சிவிக் 7:44.881; அப்புறம் ஹோண்டாவுக்கு ஏது சாதனை?" என்று ஒருவர் கேட்டிருப்பது தவறான ஒப்பீடு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே பந்தயத் தடத்தில் ரெனோ மெகான் ஆர்.எஸ். டிராஃபி-ஆர் 2019-இல் எடுத்த 7:40.1 (7 நிமிடம் 40.1 நொடி), 20.6 கி.மீ.க்கானது. டி13 பார்வையாளர் மாடத்தை ஒட்டிய நேர்த்துண்டு அதில் சேராது. 2023-இல் சிவிக் டைப் ஆர் ஓடியது முழுச் சுற்று, 20.832 கி.மீ. அதே முழுச் சுற்றில் மெகானின் நேரம் 7:45.389. ஆக, சிவிக்தான் அரை நொடி முந்தியது.

அதுவும் மெகான், எடை குறைக்கப் பின் இருக்கையையே எடுத்துவிட்டு வந்த கார். சிவிக்கில் பின் இருக்கை உண்டு. டயரும் அன்றைய வானிலையும் வேறு என்பதால், அரை நொடியை வைத்து எது சிறந்த கார் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நேரத்தைச் சொல்லும்போது தூரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.