ஆமை என்றால் ஆயுள், புலி என்றால் வீரம்: யார் சொன்னது?

ஃபெங் சுய் பொருட்கள் விற்கும் கடைகளில் ஓர் அட்டை தொங்கும். ஆமை என்றால் நீண்ட ஆயுள், புலி என்றால் வீரம், வௌவால் என்றால் அதிர்ஷ்டம். ஜேட் என்னும் கடினமான அலங்காரக் கல்லில் செதுக்கிய பழங்காலச் சீன விலங்குகளைப் பற்றி இணையத்தில் தேடினாலும் பெரும்பாலும் இதே அட்டையைத்தான் நீட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வௌவாலுக்கும் நற்பேறுக்கும் சீன மொழியில் ஒரே ஒலி. அந்தச் சிலேடை பெருவழக்கானது மிங், சிங் அரச மரபுகளின் காலத்தில் (1368 – 1912). அந்தக் காலத்துப் பழக்கத்தைக் கொண்டுபோய், எழுத்தே அறியாத கற்கால மக்களின் ஜேட்டில் ஒட்டுவது என்ன நியாயம்?

ஒரு ஜேட் விலங்கின் பொருளை அந்த விலங்கிடம் கேட்டுப் பயனில்லை; அது எங்கே கிடந்தது, யாருடைய உடலில் எந்த இடத்தில் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

சில்வண்டை எடுத்துக்கொள்வோம். ஹான் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) இறந்தவரின் நாக்கின் மேல் ஜேட்டில் செய்த சில்வண்டு ஒன்றை வைத்துப் புதைத்தார்கள். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மேலே வந்து, கூட்டைக் கழற்றிவிட்டுப் பறக்கிற பூச்சி அது. மறுபிறப்பை நினைத்துத்தான் வைத்தார்கள் என்ற விளக்கத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் துளை போட்ட சில்வண்டுகளும் உண்டு. அவை உயிரோடிருப்பவர் கயிற்றில் கோத்து அணிந்தவை. நாக்கில் வைப்பதற்குத் துளை எதற்கு? ஒரே பூச்சி, ஒரே கல். ஒரு துளை வேலையையே மாற்றிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு அட்டையில் இடமே இல்லை.

அதே காலத்தில் இறந்தவரின் கைகளில் ஜேட் பன்றிகளைக் கொடுத்தார்கள். நான்கைந்து வெட்டுகளில் முடிந்துவிடும் நீளமான பன்றி. விரல்கள் மூடிக்கொள்ள வசதியான வடிவம். செல்வத்தின் அடையாளம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அதற்கு மூவாயிரம் ஆண்டுகள் முன்பே, இன்றைய லியாவோநிங் மாகாணத்தின் நியூஹெலியாங்கில், ஹோங்ஷான் என்னும் கற்காலப் பண்பாட்டின் கல்லறை ஒன்றில் கிடந்தவரின் கைகளில் கைக்கொன்றாக இரண்டு ஜேட் ஆமைகள் இருந்தன. விலங்கு மாறிவிட்டது, பிடி மாறவில்லை. எனக்கு ஆமையைவிட, பன்றியைவிட, அந்தப் பிடிதான் முக்கியமாகப் படுகிறது.

ஆமை என்றதும் அன்ஹுயி மாகாணத்தின் லிங்ஜியாதானைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுமார் 5,300 ஆண்டுகள் பழைமையான இடுகாடு. 1987-இல் அங்கே ஒரு ஜேட் ஆமை கிடைத்தது; மேல் ஓடு தனி, அடி ஓடு தனி, இரண்டுக்கும் நடுவில் கோடுகள் செதுக்கிய ஒரு ஜேட் தகடு. 2007-இல் தோண்டிய இன்னொரு கல்லறையில் ஆமை வடிவக் கூடுகளுக்குள் ஜேட் குச்சிகள் இருந்தன. குலுக்கிக் குறி பார்க்கும் கருவி என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அந்த ஆமை ஆயுளின் சின்னமல்ல; பூசாரியின் தொழிற்கருவி. அதே இடுகாட்டில் கிடைத்த ஒரு ஜேட் கழுகின் இரண்டு இறக்கைகளும் பன்றித் தலைகளில் போய் முடிகின்றன. நெஞ்சில் எட்டுமுனை நட்சத்திரம். இதற்கு எந்த அட்டையில் விளக்கம் தேடுவது?

இவற்றை விளையாட்டாகச் செய்திருக்கவும் முடியாது. நெஃப்ரைட் வகை ஜேட் எஃகுக் கத்திக்கே மசியாது. ஈர மணலைத் தூவி, கயிற்றாலும் கல்லாலும் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொண்டுவர வேண்டும்.

பொருள் மாறிக்கொண்டே இருந்தது என்பதற்கு ஃபூ ஹாவோவைவிட நல்ல சாட்சி கிடையாது. ஷாங் அரச மரபின் மன்னன் வூ திங்கின் மனைவி, படை நடத்தியவள். கி.மு. 1200 வாக்கில் புதைக்கப்பட்ட அவளுடைய கல்லறை, கொள்ளையர் கைபடாமல் 1976-இல் ஆன்யாங்கில் கிடைத்தது. 755 ஜேட் பொருட்கள். யானை, புலி, கரடி, கிளி என்று ஒரு காடே உள்ளே இருந்தது. அவற்றில் ஒரு பீனிக்ஸ் பறவை அவள் காலத்து வேலைப்பாடே அல்ல; தெற்கே அவளுக்கு முன்பே இருந்த ஷிஜியாஹே என்னும் கற்காலப் பண்பாட்டின் பாணி. அதாவது அது அவள் கைக்கு வந்தபோதே நூற்றாண்டுகள் பழைய பொருள். செய்தவன் நினைத்தது ஒன்று, அரசி நினைத்தது வேறொன்றாகத்தான் இருந்திருக்கும்.

இதனால்தான் கிடைத்த இடம் தெரியாத ஜேட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தம். மேற்கத்திய அருங்காட்சியகங்களின் அழகான ஜேட் விலங்குகள் பல, வியாபாரிகளிடமிருந்து வாங்கியவை. நாக்கில் இருந்ததா, இடுப்பில் இருந்ததா என்று சொல்ல இனி யாரும் இல்லை.

சீனாவின் மிகப் புகழ்பெற்ற ஜேட் விலங்குக்கும் இதே கதிதான். உள் மங்கோலியாவின் சன்ஷிங்தாலாவில் 1971-இல் ஒரு கிராமவாசி தோண்டியெடுத்த, 26 செ.மீ. உயரமுள்ள வளைந்த டிராகன் அது; ஹோங்ஷான் பண்பாட்டைச் சேர்ந்தது என்கிறார்கள். முறையான அகழாய்வில் வந்ததல்ல; எந்தக் கல்லறை, யாருடையது, எதுவும் கிடையாது. இருந்தும் 'சீனாவின் முதல் டிராகன்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். ஹோங்ஷான் மக்களின் 'பன்றி டிராகன்' எனப்படும் சுருண்ட ஜேட் உருவங்களையே பன்றி என்பாரும் உண்டு, கரடி என்பாரும் உண்டு, புழு என்பாரும் உண்டு. சன்ஷிங்தாலா டிராகனை முதுகுத் துளையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டால் அதன் தலையும் வாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். காட்சிப் பலகையில் அதை எழுதட்டும். 'அதிகாரத்தின் சின்னம்' என்ற வரியை அடித்துவிடலாம்.