எல்லா ஆர்15ம் 150 சிசி இல்லை

கழக ஓட்டப் போட்டியில் 150 சிசி வரையான சின்ன மோட்டார் சைக்கிள்களுக்குப் புதுப் பிரிவு தொடங்கும் பேச்சில், யமஹா ஆர்15 எந்த வெர்ஷன் என்றாலும் 150க்குள்தான் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும் அண்ணா, அது வெர்ஷன் 1, 2க்கு மட்டும்தான் சரி. வெர்ஷன் 3, 4 இரண்டும் 155 சிசி. பெயரில் 15 என்று இருப்பதால் குழம்புவது இயல்புதான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர் (bore) என்பது சிலிண்டரின் உள்விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரம். போரை போராலேயே பெருக்கி, 0.7854ஆலும் ஸ்ட்ரோக்காலும் பெருக்குங்கள், 1000ஆல் வகுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில். பழையதன் போர் 57, ஸ்ட்ரோக் 58.7: விடை 149.8. வெர்ஷன் 3இல் ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 58. அந்த ஒரு மில்லிமீட்டரே 155.1க்குக் கொண்டுபோய் விடுகிறது.

கணக்கு வேண்டாம் என்றால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் சிலிண்டர் கொள்ளளவைப் பாருங்கள். உப்புவெளியில் ஒரு கராஜில் தம்பி ஒருவரின் வெர்ஷன் 3, ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றிக் கிடந்தது. சிலிண்டர் வாயை எண்ணெய்த் துணியால் துடைத்து வேர்னியர் அளவுகோல் வைத்தோம், போர் 58. அவருடைய புத்தகத்திலும் 155தான்.

வரம்பை 155 ஆக்கலாமா என்பது வேறு பேச்சு. இப்போதைய 150 வரம்பை நம்பி வெர்ஷன் 3 வாங்க யாராவது காசு சேர்த்துக்கொண்டிருந்தால், முற்பணம் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.