பக்கத்து மாநிலத்தில் படித்தால் உள்ளூர் கட்டணம்தானா?

"அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எங்கே குடியிருந்தாலும், பக்கத்து மாநில அரசுப் பல்கலைக்கழகம் எதிலும் உள்ளூர் மாணவர் கட்டணத்திலேயே படிக்கலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

மேற்கு மாநிலங்களின் உயர்கல்விக் கூட்டமைப்பான விச்சே 1953 முதல் இயங்குகிறது. அது நடத்தும் இளநிலைப் பரிமாற்றத் திட்டத்தில் கிடைப்பது உள்ளூர் கட்டணம் அல்ல. அதில் உள்ளூர் கட்டணத்தில் அதிகபட்சம் 150 சதவீதம் வரை கட்ட வேண்டும். உள்ளூர் மாணவருக்கு 10,000 டாலர் என்றால் உங்களுக்கு 15,000 வரை. வெளிமாநிலக் கட்டணம் 30,000 என்று வைத்துக்கொண்டால், பாதி மிச்சம். அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் இது கல்விக் கட்டணத்துக்கு மட்டும். ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவில் சலுகை இல்லை.

"எதிலும்" என்பதும் தவறு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி, யுசிஎல்ஏ பல்கலைக்கழகங்கள், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் இல்லை. சேர்ந்திருக்கும் கல்லூரிகளும் சில படிப்புகளை விலக்கி வைக்கலாம், மதிப்பெண் வரம்பு விதிக்கலாம். சில இடங்களில் தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியின் ஆறு மாநிலங்களில் கதையே வேறு. அங்கே பெரும்பாலும் சொந்த மாநில அரசுக் கல்லூரியில் இல்லாத படிப்புக்குத்தான் சலுகை.

நம்மூர் பெற்றோர் கவனிக்க: இவை அந்தந்த மாநிலத்தில் சட்டப்படி வசிப்போருக்கானவை. இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர் இதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.